ஏற்றத்தில் இறங்கிப்போன பெடல்: ஒரு பிரேக் பைப்பின் நிகழ்வு ஆய்வு

வண்டி பழைய ரக ஃபோர் வீல் டிரைவ், நான்கு சக்கரங்களையும் இன்ஜின் சுழற்றக்கூடியது. ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்ஸில், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இன்ஜினின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதுவும் கையால் மாற்றுவது. ஏபிஎஸ் கிடையாது. எனக்கு முன் வைத்திருந்தவர் நீளமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு 65 மி.மீ. உயர்த்தியிருந்தார். நான் வாங்கி ஓராண்டு ஓட்டிவிட்டேன். பிரேக் ஆயில் மாற்றினேன், லைனிங் பார்த்தேன், வீல் சிலிண்டரில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பைப்பை மட்டும் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததோடு விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. கெட்டுப்போயிருந்தது கண்ணுக்குத் தெரியாத இடம்.

அன்று நடந்தது

கல் நிறைந்த ஒரு ஏற்றம். பாதியில் சக்கரம் வழுக்கி இன்ஜின் நின்றுவிட்டது. இப்படி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது இந்தப் பாதைகளில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும்: பிரேக்கை அழுத்திப் பிடித்து, லோ ரேஞ்சில் (மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் கியர் அடுக்கு) ரிவர்ஸ் போட்டு, கிளட்சை விட்டுவிட்டு, கியரிலேயே ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பின்னால் இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்தினேன். பெடல் வழக்கமான இடத்தில் ஒரு நொடி நின்றது. அப்புறம் சர்ரென்று இறங்கி, தரைக்கு இரண்டு விரல் மேலே போய்த்தான் நின்றது. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது.

பின்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்த தம்பி, "அண்ணா, பின்சக்கரத்துக்குப் பக்கத்துல ஆயில் ஊத்துது!" என்று கத்தினான். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்தேன். வண்டி நின்றது.

அது ஏன் நின்றது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெடலை மிதித்தால் ஆயிலைப் பைப்புகளுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருக்கின்றன. இந்த வண்டியில் ஒன்று முன் பிரேக்குக்கு, மற்றது பின் பிரேக்குக்கு. ஒரு பக்கம் ஆயில் போய்விட்டால் அந்தப் பிஸ்டன் எதிர்ப்பே இல்லாமல் முட்டும் வரை நகரும், அதன் பிறகு மற்றப் பக்கத்தில் அழுத்தம் ஏறும். பெடல் கீழே போய், ஆனாலும் ஒரு இடத்தில் நின்றதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஏற்றத்தில் பின்னோக்கி இறங்கும்போது எடையின் பெரும்பகுதி பின் ஆக்ஸிலில் உட்கார்ந்திருக்கும். முன்சக்கரங்கள் லேசாகிவிடும். முன் பிரேக் மட்டும் பிடித்தால் அவை சுற்றாமல் வழுக்கும், ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. சாலையில் முன் பிரேக் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். இங்கே அந்தக் கணக்கு தலைகீழ்.

எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, கேபிளில் இயங்கும் ஹேண்ட்பிரேக். அதற்கு ஆயில் தேவையில்லை. இன்னொன்று, ஃபோர் வீல் லோவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன், பின் ஆக்ஸில்களைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. முன் பிரேக் முன் ஷாஃப்டைப் பிடித்தால், அதோடு பூட்டப்பட்ட பின் ஷாஃப்டும் நின்றுவிடும், பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்ற முடியாது. அதாவது முன் பிரேக் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. டூ வீலில் (பின்சக்கரங்களை மட்டும் இன்ஜின் சுழற்றும் நிலை) இருந்திருந்தால் இந்த உதவி கிடைத்திருக்காது.

சக்கரத்துக்குக் கல் வைத்து, லோ ரேஞ்ச் ரிவர்ஸில் இன்ஜினின் இழுவையிலேயே அங்குலம் அங்குலமாக இறங்கினோம். பாதை முடியும் இடம் வரை முதல் கியர். அதற்குப் பிறகு வண்டியை நான் ஓட்டவில்லை, ஒரு லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். பாதி பிரேக்கோடு பொதுச் சாலையில் ஓட்டி வரும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கழற்றியபோது கண்டது

வண்டியை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, ரிசர்வாயரில் ஆயில் ஊற்றி, தம்பியைப் பெடலை மெதுவாக அழுத்தச் சொன்னேன். நான் ஒரு அட்டையைப் பைப்பின் ஓரமாகப் பிடித்து நகர்த்திக்கொண்டே போனேன். கையால் தடவித் தேடக் கூடாது. 30 கிலோ விசையில் பெடலை மிதித்தால், பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கி 150 கிலோவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் அது ஏறக்குறைய 39 பார் அழுத்தம். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரும் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளையிலிருந்து பாயும் ஆயில் தோலைக் கிழிக்கும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், சேஸிஸின் உட்பக்கம், ஒரு கிளிப் இருந்த இடத்தில் அட்டையில் ஈரக்கோடு விழுந்தது. கிளிப்பைக் கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர், சேறு, துரு மூன்றும் ஒரே கட்டியாகக் கையோடு வந்தன. பைப்பைத் துணியால் துடைத்தேன். கிளிப்பின் இரு புறமும் பச்சைப் பூச்சு புதிதுபோல் மினுங்கியது. நடுவில் விரல் அகலத்துக்கு மட்டும் கறுத்து, எலி கடித்ததுபோல் குழிகுழியாக இருந்தது. வெர்னியரில் அளந்தேன். மற்ற இடத்தில் 4.75 மி.மீ., அங்கே 4.2. பைப்பின் சுவரே 0.7 மி.மீ.தான். குழியின் ஆழத்தில் காகிதம்போல் மெலிந்து, கடைசியில் ஓட்டையாகிவிட்டது.

ஆற்றில் இறங்கி ஏறும் வண்டிகளில் இது நடக்கும் விதம் எளிது. வெளியே இருக்கும் பைப் நனையும், காயும். கிளிப்புக்குள் புகுந்த சேறு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அது காயவே காயாது. கூடவே மணல் அதிர்வில் பூச்சைத் தேய்க்கும். எனவே பைப்பைப் பார்ப்பதென்றால் கிளிப்பைக் கழற்றிப் பார்ப்பதுதான். கழற்றாமல் டார்ச் அடிப்பது, நான் செய்த அந்த வேலை, பைப்பின் நல்ல பாகங்களை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு இறங்கும் பின் ஹோஸை, அதாவது வளையும் ரப்பர் குழாயைப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. அந்த ஹோஸ் ஒரிஜினல் நீளம், 380 மி.மீ. வண்டியை உயர்த்தியவர் ஹோஸை மாற்றாமல், அது மாட்டியிருக்கும் சேஸிஸ் பிராக்கெட்டைக் கீழே வளைத்து எட்ட வைத்திருந்தார். நேராக நிற்கும்போது போதுமானதாகத் தெரிந்தது. ஜாக்கில் சேஸிஸைத் தூக்கி ஆக்ஸில் முழுதாகத் தொங்கவிட்டதும் ஹோஸ் கொடிக்கயிறு மாதிரி விறைத்துக்கொண்டது. உலோக முனை ரப்பரைக் கவ்வும் இடத்தில் சுற்றிலும் மெல்லிய விரிசல்கள். பிராக்கெட் வளைந்ததால், அதில் வந்து சேரும் பைப்பும் கூடவே வளைந்து, ஆக்ஸில் இறங்கும்போதெல்லாம் ஹோஸால் இழுபட்டிருக்கிறது. ஓட்டை விழுந்த கிளிப், அந்தப் பிராக்கெட்டுக்கு அடுத்த கிளிப்தான். துரு தின்ற இடத்தை இந்த இழுப்பு அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

துருவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் பைப்பை மாற்றியிருந்தால் புதுப் பைப்பும் அதே இடத்தில் இழுபட்டிருக்கும். வண்டியை உயர்த்தும்போது பிரேக் பைப்பையும் அந்த வேலையின் ஒரு பாகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங், ஷாக், டயர் எல்லாம் யோசிப்பவர்கள் இந்த ஒரு முழ ஹோஸை யோசிப்பதில்லை.

மூன்றாவதாகக் கண்டது, ஆக்ஸிலின் மேல், பைப்பை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் T வடிவ டீ இணைப்பில். பைப் நட் கையாலேயே கடகடவென ஆடியது. மாற்று டீ ஒன்று எப்போதோ போட்டிருக்கிறார்கள். அதன் மரை 10 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.0 மி.மீ. உள்ளே ஏறியிருந்த நட்டோ 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 3/8 என்பது 9.5 மி.மீ., அதன் பிட்ச் 1.06 மி.மீ. இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால் சிறிய நட் பெரிய துளைக்குள் நன்றாகவே ஏறும், ஸ்பேனர் வைத்தால் இறுகுவதுபோலவும் தெரியும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய நட்டைச் சிறிய துளைக்குள் போட முடியாது, உடனே தெரிந்துவிடும். ஆபத்து இந்தத் திசையில்தான். பழைய வண்டியில் பிரேக் பைப் வேலை என்றால் முதலில் கையில் இருக்க வேண்டியது மரை அளக்கும் கேஜ்.

ஒட்டா, முழுசா?

ஓட்டை விழுந்த 20 செ.மீ.யை மட்டும் வெட்டி, பைப்புகளை இணைக்கும் யூனியன் இரண்டு வைத்து ஒட்டுப் போடுவதுதான் முதலில் தோன்றிய யோசனை. மற்றக் கிளிப்புகளையும் கழற்றிப் பார்த்தேன். ஒன்பதில் ஐந்தில் அதே கறுப்பு. பெட்ரோல் டேங்குக்கு மேலே போகும் பாகத்தில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. நல்ல பைப்பில் ஒட்டுப் போடலாம், ஆனால் இது நல்ல பைப் அல்ல. ஒவ்வொரு யூனியனும் கசியக்கூடிய இரண்டு இடங்களைப் புதிதாகச் சேர்க்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின் ஆக்ஸில் வரை முழுதும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். டேங்கை இறக்க வேண்டியிருந்தது. அரை நாள் கூடுதல் வேலை, ஆனால் சரியான வேலை. (வெட்டிய பைப்பை நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் ஜாயின்டை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தண்ணீர் பைப்புக்கு. பிரேக்கின் அழுத்தத்தில் பைப் நழுவி வெளியே வந்துவிடும்.)

பைப் எதில் போடுவது? பூச்சு போட்ட இரும்பு, ஸ்டெயின்லெஸ், காப்பர்-நிக்கல் என்று மூன்று வழி. தனிச் செம்பு வேண்டவே வேண்டாம், அதிர்வில் இறுகி வெடித்துவிடும். நான் எடுத்தது காப்பர்-நிக்கல்: ஏறக்குறைய 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல், கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும். உப்புத் தண்ணீரே அதை எளிதில் தின்னாது. வோல்வோ நிறுவனம் 1970களிலேயே இதைத் தன் கார்களில் போடத் தொடங்கியது. கையாலேயே வளையும், ஃபிளேர் (இணைப்புக்காக விரிக்கும் முனை) அழகாக விழும். குறை என்னவென்றால் இரும்பைவிட மிருது, கல் அடித்தால் நசுங்கும். ஸ்டெயின்லெஸ் கல்லைத் தாங்கும். ஆனால் வீட்டில் இருக்கும் சாதாரணக் கருவியில் அதற்குச் சரியான இரட்டை ஃபிளேர் போடுவது கஷ்டம், போட்டாலும் உட்காரும் இடத்தில் ஆயில் வியர்த்துக்கொண்டே இருக்கும். கசியாத மிருதுவான பைப் எனக்குப் போதும், கல் படாமல் பார்த்துக்கொள்வது பாதை வகுப்பதில் இருக்கிறது.

ஒரு ஃபிளேர்

இந்த வேலையின் உயிர் ஃபிளேரில் இருக்கிறது. பைப்பின் முனையை விரித்து, நட் அதை எதிர்ப்பக்க இருக்கையில் அழுத்திப் பிடிக்கும் அமைப்பு அது. இருபக்கமும் பொருந்தும் உலோகம்தான் ஆயிலைத் தடுக்கிறது, ரப்பர் எதுவும் இல்லை. இதில் இரண்டு ரகம் பரவலாக இருக்கின்றன. 45 பாகையில் விரித்து, விளிம்பை உள்ளே மடித்து, இரட்டைச் சுவராக்குவது ஒன்று. முனையைக் குமிழ்போல் புடைக்க வைப்பது மற்றது. ஒன்றின் இருக்கையில் மற்றது உட்காராது. மரை பொருந்தினாலும் உட்காராது. என் வண்டியில் எல்லாம் மடித்த ரகம். பழைய பைப்பின் முனையை வெட்டி எடுத்து, மாதிரியாகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

பைப்பை ரம்பத்தால் அறுக்காமல் சுற்று கட்டரால் வெட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைக் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும், அவசரப்பட்டால் வாய் உள்ளே குறுகும். அதற்குப் பிறகு உள்விளிம்பில் ஒரு பிசிறு நிற்கும். விரலால் தொட்டால் கீறும். அதைச் சீவி எடுத்து, வெளிவிளிம்பையும் அரத்தால் லேசாகச் சரித்து, காற்றடித்துத் துகளை வெளியேற்ற வேண்டும். இப்போதே நட்டைப் பைப்பில் கோத்துவிட வேண்டும், ஃபிளேர் விழுந்த பிறகு நட் ஏறாது.

கருவியின் பிடியில் பைப்பை வைத்து, அச்சின் முதல் படியின் உயரத்துக்குச் சரியாக வெளியே நீட்டி, இறுக்கினேன். அச்சின் நுனியில் ஒரு சொட்டுப் பிரேக் ஆயில். முதல் அழுத்தத்தில் முனை மணி வடிவத்தில் புடைத்தது. அச்சை எடுத்துவிட்டுக் கூம்பை வைத்து இரண்டாம் அழுத்தம், மணியின் வாய் உள்ளே மடிந்து படிந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். பிசிறு ஓரிடத்தில் சரியாகச் சீவப்படாததால் அச்சு சாய்ந்துவிட்டது. அதை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன். மீதித் துண்டுகளில் நான்கு போட்டுப் பார்த்து, நான்காவதில் வளையம் சுற்றிலும் ஒரே அகலமாக, கீறலில்லாமல் வந்த பிறகுதான் வண்டியின் பைப்பைத் தொட்டேன். இரண்டு மணி நேரம் போனது. அந்த நேரத்தைக் குறைக்க வழி தேட வேண்டாம் என்றே சொல்வேன்.

பாதையும் ஹோஸும்

பழைய பைப்பைக் கோணம் கெடாமல் இறக்கி, தரையில் வைத்து, அதன் பக்கத்தில் வெல்டிங் கம்பியால் ஒரு மாதிரி வளைத்துக்கொண்டேன். மாதிரியை வண்டியில் வைத்துப் பார்த்துத் திருத்தினேன். 7.6 மீட்டர் சுருள் ஒன்று இந்த ஒரு பைப்புக்கும் ஆக்ஸில் மேல் போகும் இரண்டு துண்டுகளுக்கும் போதுமானதாக இருந்தது. எல்லாப் பாகமும் சேஸிஸின் உட்பக்கம், அடிவிளிம்புக்கு மேலே போகும்படி பார்த்துக்கொண்டேன். சைலன்ஸர் பைப்புக்கு எதிர்ப்பக்கம். ஆக்ஸிலின் மேல் கல் தெறிக்கும் இரண்டு இடங்களில் சுருள் கம்பி உறை. 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். அதுவும் இரும்புக் கிளிப் அல்ல, அடிப்பக்கம் திறந்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப், சேறு தங்காமல் குழாய்த் தண்ணீரில் வெளியேறிவிடும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டர் பாடியில் இருக்கிறது, பைப் சேஸிஸில் ஓடுகிறது. நடுவில் ரப்பர் மவுண்ட். மேடுபள்ளத்தில் பாடியும் சேஸிஸும் தனித்தனியாக முறுகும். அந்த இரண்டுக்கும் நடுவே பைப் நேராகப் போனால் முறுக்கு முழுதும் ஃபிளேரின் கழுத்தில் விழும். அங்கே ஒரு முழு வட்டச் சுருள் விட்டேன்.

ஹோஸுக்கு வருவோம். முதலில் வளைந்த பிராக்கெட்டைப் பழையபடி நிமிர்த்தினேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக் முழுதாக நீளும்வரை ஆக்ஸிலை இறக்கி, பிராக்கெட்டிலிருந்து டீ வரை கயிறு வைத்து அளந்தேன்: 405 மி.மீ. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி மறுபக்கத்தைத் தொங்கவிட்டால் 425. பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 65 மி.மீ. இடைவெளி சேர்த்து 490 மி.மீ. ஹோஸ் செய்யச் சொன்னேன். பிறகு ஆக்ஸிலை மேல்முட்டு ரப்பர் வரை தூக்கி, தளர்ந்த ஹோஸ் புரொப்பல்லர் ஷாஃப்டிலோ சைலன்ஸரிலோ படவில்லை என்று பார்த்தேன். நீளம் அதிகமானாலும் ஆபத்துதான், இது ஒருபக்க வேலை அல்ல.

பின்னால் மட்டுமல்ல, முன்சக்கரங்களுக்கும் ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் போட்டேன். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டெயின்லெஸ் வலை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. பெடல் கல் மாதிரி ஆகிவிடும் என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். என் அனுபவத்தில், புதிய நல்ல ரப்பர் ஹோஸுக்கும் இதற்கும் பெடலில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். பழைய ரப்பரோடு ஒப்பிடுவதால்தான் அது பெரிதாகத் தெரிகிறது. இதை நான் எடுத்தது கிளையும் கல்லும் கிழிக்காது என்பதற்காக. இதற்கும் குறை உண்டு. உள்குழாய் ஒருமுறை மடிந்து நசுங்கினால் தேறாது, வலை மூடியிருப்பதால் வெளியே தெரியவும் தெரியாது. முறுக்கி மாட்டினாலும் அதே கதி. உறையில் மார்க்கரால் நீளவாக்கில் ஒரு கோடு போட்டுவிட்டு மாட்டினால், கோடு சுற்றிக்கொள்கிறதா என்று பார்த்தே முறுக்கைக் கண்டுபிடிக்கலாம்.

வாங்கும்போது ஹோஸின் மேல் அச்சடித்த எழுத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 என்ற விதிப்படி செய்த ஹோஸில் தயாரித்தவர் குறியும் தேதியும் டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரையும் இருக்கும். அந்த விதியில் ஹோஸ் 4,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை இரண்டு நிமிடம் தாங்க வேண்டும், சுழற்றி அடிக்கும் சோதனையில் 35 மணி நேரம் நிற்க வேண்டும். எதுவும் அச்சடிக்காத ஹோஸை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் மாட்ட மாட்டேன். டிஸ்கைக் கவ்வும் காலிபரில் ஹோஸை இணைக்கும் பான்ஜோ போல்ட்டில் (உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்), ஹோஸ் முனையின் இருபுறமும் புதிய செம்பு வாஷர், பழையது ஏற்கெனவே நசுங்கியது, மறுபடி அடைக்காது.

பைப் நட்டுகளை முதலில் விரலால் நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனர். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் முனையைத் தின்றுவிடும், ஃபிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். காப்பர்-நிக்கலில் ஒருமுறை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினால் ஃபிளேர் இருக்கையில் நன்றாகப் படிகிறது. 15 நியூட்டன் மீட்டரில் நிறுத்திக்கொண்டேன்.

உயர்த்திய வண்டியில் கவனிக்கப்படாத இன்னொரு பொருள், பின் பிரேக்கின் சுமை வால்வு. சேஸிஸில் இருக்கும் வால்விலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்கு வருகிறது. சுமை ஏறி சேஸிஸ் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், சுமை இறங்கி உயர்ந்தால் குறையும். வண்டியை 65 மி.மீ. உயர்த்தியதும் வால்வு எப்போதும் காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருந்திருக்கிறது. முன் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்தது எனக்கு இப்போதுதான் விளங்கியது. ஆக்ஸில் பக்கப் பிராக்கெட்டை அதே 65 மி.மீ. உயர்த்திக் கம்பியைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்தேன். வால்வையே கழற்றி எறிந்துவிடுவது சிலர் வழக்கம். காலியாகப் போகும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும், வீல்பேஸ் குறைவான வண்டியில் இன்னும் சீக்கிரம்.

ஏர் எடுத்தும் இறங்கிய பெடல்

புதிதாகத் திறந்த டாட் 4 ரகப் பிரேக் ஆயில் ஊற்றினேன். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். விதிப்படி புதிதில் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் 155. பாதி காலியான பழைய டப்பாவில் மிச்சம் பிடிப்பது வீண். சிலிகான் வகையான டாட் 5 இதோடு சேராது, பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஏர் எடுப்பதை, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கினோம். நான் சக்கரத்தில் காற்றை வெளியே விடும் நிப்பிளில், தம்பி பெடலில். "மிதி... பிடி." திறப்பேன், ஆயில் குமிழியோடு வரும், மூடுவேன். "விடு." பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன், தரை வரை போகாமல் இருக்க. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாடம் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும், அங்கே தள்ளினால் சீல் கிழியும்.

நான்கு சக்கரமும் முடிந்தது. பெடல் மேலே, உறுதியாக. எல்லா இணைப்பிலும் டிஷ்யூ காகிதம் சுற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தம்பியை ஒரு நிமிடம் பலமாக அழுத்தச் சொன்னேன். ஒரு காகிதம்கூட நனையவில்லை. பிறகு லேசாக, ஒரே சீராக அழுத்தச் சொன்னேன்.

"அண்ணா, மெதுவா கீழே போகுது."

நானே உட்கார்ந்து பார்த்தேன். பலமாக மிதித்தால் நிற்கிறது. மென்மையாக வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தரை நோக்கி நழுவுகிறது. வெளியே கசிவு இல்லை, ரிசர்வாயரில் ஆயில் குறையவும் இல்லை. அப்படியானால் கசிவு மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, சீலைத் தாண்டி. உறுதி செய்ய, பைப்புகளைக் கழற்றி இரண்டு வாயையும் அடைப்புப் போல்ட் போட்டு மூடிவிட்டு மிதித்தேன். அப்போதும் நழுவியது. சந்தேகம் தீர்ந்தது. மரக்கட்டை வைத்து நாங்கள் காப்பாற்ற முயன்ற சீல், மலையில் பெடல் அடிவரை போன அந்த ஒரு நொடியிலேயே கிழிந்துபோயிருந்தது. கழற்றியபோது பின் சர்க்யூட்டின் ரப்பர் உதட்டில் நகம் அளவுக்கு ஒரு வெட்டு. சிலிண்டரின் சுவரில் அதே இடத்தில் துருக் குழி.

சுவரில் குழி இருப்பதால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை, புது மாஸ்டர் சிலிண்டரே போட்டேன். மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, இரண்டு வாயிலிருந்தும் குழாயை ரிசர்வாயருக்குள் திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனைத் தள்ளி அங்கேயே ஏர் எடுத்தேன். வண்டியில் மாட்டிய பிறகு அந்தக் காற்றை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. பைப் உடைந்து பெடல் அடிவரை போன எந்தப் பழைய வண்டிக்கும் இந்த மென்மையான மிதிச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பலமாக மிதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டிருந்தால் நாங்களும் அப்படியே கிளம்பியிருப்போம்.

ஓட்டிப் பார்த்தது

மூடிய மைதானத்தில் 10, 20, 40 கி.மீ. வேகங்களில் நிறுத்திப் பார்த்தோம். சரளை மண்ணில், டூ வீலில், தம்பி பக்கவாட்டில் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்த்தான். காலி வண்டியிலும், பின்னால் மணல் மூட்டை ஏற்றியும். இரண்டிலும் முன்சக்கரம் முதலில், பின்சக்கரம் அதை ஒட்டி. அதுதான் வேண்டும். 100 கி.மீ. ஓடிய பிறகு எல்லா இணைப்பையும் மறுபடி துடைத்துப் பார்த்தேன். கசியாத நட்டை நான் மேலும் இறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கற்பாதை ஒன்றிலிருந்து வந்து கழுவியபோது, முன் இடது ஹோஸின் உறையில் நகத்தளவு மினுமினுப்பான தேய்மானம் கண்ணில் பட்டது. எதிரே காயில் ஸ்பிரிங்கில் அதே உயரத்தில் பெயின்ட் போயிருந்தது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்திருந்தேன், ஆக்ஸிலைத் தொங்கவிட்டும் பார்த்திருந்தேன். இடது சக்கரம் மேலே ஏறி, வலது தொங்கி, அதே நேரத்தில் ஸ்டியரிங் முழுதாகத் திரும்பிய நிலையை மட்டும் பார்க்கவில்லை. உறை தேய்ந்து வலை வெளியே வந்திருந்தால் அது ஸ்பிரிங்கையே ரம்பம்போல் அறுக்கத் தொடங்கியிருக்கும், தானும் அறுந்திருக்கும்.

பான்ஜோ போல்ட்டைத் தளர்த்தி, ஹோஸின் முனையை 15 பாகை அளவுக்குப் பின்னால் திருப்பி, புது வாஷர் போட்டு இறுக்கி, அந்தச் சக்கரத்தில் ஏர் எடுத்தேன். ஒரு பக்கம் ஜாக், மறுபக்கம் தொங்கல், ஸ்டியரிங் கடைசி வரை: இப்போது ஸ்பிரிங்குக்கும் ஹோஸுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறது. தேய்ந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு நான்கு முறை கற்பாதைக்குப் போய்வந்தாகிவிட்டது. தேய்மானம் வட்டத்துக்குள்ளேயே, அன்றிருந்த அளவிலேயே இருக்கிறது.